கட்டிலுக்கு அடியில் முன்னூறு பிரதிகள்

மாதக் கடைசியில் பேங்கிலிருந்து வரும் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்காக நான் காத்திருப்பேன். சம்பளம் இல்லை. சம்பளம் முதல் தேதி வந்து, வீட்டுக் கடன், பால், மளிகை என்று ஏழாம் தேதிக்குள் கரைந்துவிடும். இது வேறு காசு. இரண்டு மாதத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், எங்கோ ஓர் ஊரில், ராத்திரி தூங்காமல் என் கதையைப் படித்ததற்கு வருவது. போன மாதம் 1,846 ரூபாய். அதைத் தனி நோட்டில் எழுதி வைக்கிறேன். அந்த நோட்டைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறையில் பகலெல்லாம் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் குற்றக்கதை எழுதுகிறேன். ஒன்பது நாவல்கள் ஆயிற்று. ஒன்பதிலும் துப்பறிவது ஏட்டம்மா பரிமளம்தான். பட்டாபிராம் சைடிங்கிலும் கொரட்டூர் ஏரிக்கரையிலும் பூந்தமல்லி லாரி செட்டுகளிலும் நடக்கிற கதைகள். எல்லாவற்றையும் நானே வெளியிட்டேன்.

முதல் நாவலை 2022இல் அச்சடித்தேன். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி அச்சகத்துக்குப் போவது. குறைந்தது 300 பிரதி போட்டால்தான் விலை கட்டுப்படியாகும் என்றார்கள். அச்சும் பைண்டிங்கும் 33,000, அட்டை ஓவியம் 3,000, மெய்ப்பு பார்த்தவருக்கு 4,000. ஆக 40,000 ரூபாய். மனைவியின் சீட்டுப் பணம் அது. புத்தக விலை 220 என்று வைத்தேன். கடைக்காரர்கள் நாற்பது சதவீதம் கழிவு கேட்டார்கள். அதில் தப்பில்லை, அவர்களுக்கும் கடை வாடகை உண்டு. ஆனால் கழிவு போக ஒரு பிரதிக்கு என் கைக்கு வருவது 132 ரூபாய். 300 பிரதியும் ஒன்று விடாமல் கடையிலேயே விற்றால் 39,600. முதலுக்கே 400 ரூபாய் குறைகிறது. பட்டறையில் ஒரு போல்ட்டுக்குக்கூட எட்டணா கணக்குப் பார்த்து விலை போடுகிறவன், என் புத்தகத்துக்கு இந்தக் கணக்கைப் போடவில்லை. எழுத்து என்றதும் கணக்குப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் என் கையைக் கடித்தது.

விற்காத பிரதிகள் அட்டைப் பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று எங்கள் பக்கம் முழுக்கத் தண்ணீர். எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்று, வீட்டுக்குள் ஒரு சாண் ஏறியது. கேஸ் சிலிண்டர், அரிசி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பரணில் ஏற்றினோம். கட்டிலுக்கு அடியில் இருந்ததை மறந்துபோனோம். தண்ணீர் வடிந்த பிறகு இழுத்தால் பெட்டியின் அடிப்பாகம் கையோடு பிய்ந்து வந்தது. லேமினேஷன் செய்த அட்டை மட்டும் புதுசு போலப் பளபளக்கிறது. உள்ளே தாள்கள் ஊறி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புரட்டினால் பாரம் பாரமாகக் கழன்று வருகிறது. மனைவி மொட்டை மாடியில் பழைய புடவையை விரித்து இரண்டு நாள் காயவைத்தாள். காய்ந்த பிறகு அப்பளம் மாதிரி நெளிந்து நின்றன. 112 பிரதிகள். பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப் போனார்.

நம் தமிழில் மர்மக்கதைக்கும் சொந்தப் பதிப்புக்கும் உள்ள உறவு நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. வடுவூர் துரைசாமி ஐயங்கார் தாசில்தார் வேலையை விட்டுவிட்டு நாவல் எழுத வந்தவர். ‘மனோரஞ்சனி’ என்ற பத்திரிகை வழியாகத் தன் கதைகளை வாசகர்களிடம் கொண்டுபோனார். வை.மு.கோதைநாயகி பள்ளிக்கூடமே போகாதவர். நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை 1925இல் தானே வாங்கி, அதில் தன் கதைகளைத் தொடராக வெளியிட்டார். 115 நாவல்கள் எழுதினார். எழுத்து, அச்சு, விற்பனை எல்லாம் அவர் பொறுப்பு. ஒரே துப்பறிவாளரைப் புத்தகத்துக்குப் புத்தகம் கொண்டுவருவதும் அந்தக் காலத்திலேயே உண்டு. ஜே.ஆர்.ரங்கராஜுவுக்குத் துப்பறியும் கோவிந்தன், வடுவூராருக்குத் திகம்பர சாமியார். ஆள் ஒரு கதையில் பிடித்துப்போனால் அடுத்ததைத் தேடி வாசகர் தானே வருவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பரிமளத்தின் முதல் கதையைப் படித்து முடித்தவர்களில் பாதிப்பேர் இரண்டாவதைத் திறக்கிறார்கள் என்று என் நோட்டு சொல்லும்போது, அந்தப் பழைய எழுத்தாளர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

நடுவில் வந்த பாக்கெட் நாவல் காலம் வேறு விதம். எண்பதுகளில் பூந்தமல்லி பஸ் நிலையத்துப் பத்திரிகைக் கடையில் ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குவார்கள். அப்பா சம்பள நாளில் ஒன்று வாங்கி வருவார். அன்று பணம் போட்டவர் பதிப்பாளர். விற்காவிட்டால் நஷ்டம் அவருக்கு. எழுத்தாளருக்கு எழுதியதற்கான தொகை வந்துவிடும். அந்த ஏற்பாட்டில்தான் கோவையில் உட்கார்ந்தபடி ராஜேஷ்குமாரால் 1,500 நாவல்களுக்கு மேல் எழுத முடிந்தது. இன்று அந்தக் கடையில் தண்ணீர் பாட்டிலும் சார்ஜர் ஒயரும்தான் தொங்குகின்றன. பணம் போடும் பொறுப்பு மறுபடியும் எழுதுகிறவன் தலைக்கு வந்துவிட்டது. கோதைநாயகி அம்மாள் நின்ற இடத்தில்தான் நாங்களும் நிற்கிறோம். ஆனால் பத்திரிகை நடத்தியவருக்குச் சந்தாதாரர்கள் இருந்தார்கள். காசு முன்னால் வரும், அச்சு பின்னால் ஓடும். நான் அச்சை முன்னால் ஓடவிட்டுக் காசுக்குப் பின்னால் அலைந்தேன். இது புரிய எனக்கு ஒரு புயல் வேண்டியிருந்தது.

அதன் பிறகு வழியை மாற்றினேன். முதலில் மின்னூல். கிண்டில் அன்லிமிடெட் இந்தியாவுக்கு 2015 செப்டம்பரில் வந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் கிண்டிலில் தமிழும் வந்தது. மாதச் சந்தா கட்டியவர்கள் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். படித்த பக்கத்துக்கு எழுத்தாளருக்குப் பைசாக் கணக்கில் காசு. ஒருவர் முதல் பத்து பக்கத்தோடு மூடி வைத்தால் பத்து பக்கத்துக்குத்தான் வரும். மர்மக்கதைக்கு இது பொருந்துகிறது, எடுத்தவர் கொலைகாரன் யார் என்று தெரியாமல் கீழே வைப்பதில்லை. இதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது. சேராவிட்டால் இந்தியாவில் விற்கிற பிரதிக்கு 70 சதவீத ராயல்டி கிடையாது, 35தான். சேர்ந்துவிட்டேன். எல்லாரும் சேர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பிரதிலிபி போன்ற செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, அங்கேயே பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்ட பெண்கள் நிறையப் பேர். அவர்கள் வழி அவர்களுக்கு.

பிறகு காகிதப் புத்தகம். அதை விட மனசில்லை. திருவள்ளூர் லோக்கலில் எதிர் சீட்டில் வரும் அக்கா ஒருவர், “போன்ல படிச்சா கண்ணு எரியுது தம்பி, புக்கா குடுங்க” என்று கேட்டபடியே இருந்தார். முன்வெளியீட்டுத் திட்டம் என்று பெரிய பதிப்பகங்கள் செய்வதை நானும் செய்தேன். நாவல் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே வாசகர்களிடம் சொல்லி, தபால் செலவு சேர்த்து 260 ரூபாய் ஜிபேயில் வாங்கிக்கொண்டேன். 110 பேர் கட்டினார்கள். 110 பிரதி மட்டும் அச்சிட்டேன். தேவைக்கு அச்சிடும் முறையில் ஒரு பிரதிக்கு 150 ரூபாய் ஆகிறது. 300 போட்டபோது ஆனதைவிட 40 அதிகம். தபால், உறை 35. பிரதிக்கு 75 ரூபாய் நின்றது. மொத்தம் 8,250. அட்டைக்கும் மெய்ப்புக்கும் 7,000 போக மிச்சம் 1,250. ஏழு மாதம் எழுதிய நாவலுக்கு அது சின்னத் தொகைதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒரு பிரதி இல்லை, சீட்டுப் பணத்தில் கை வைக்கவில்லை. அடுத்த நாவலைப் பயமில்லாமல் தொடங்கினேன்.

தபாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் பதிவு புத்தக அஞ்சலை நிறுத்தியபோது எங்களைப் போன்றவர்கள் தவித்துப்போனோம். புத்தக விலையில் கால்வாசி கூரியருக்குப் போனது. 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்று புத்தகங்களுக்கு ஒரு சேவை கொண்டுவந்தார்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100, வரி தனி. அதனால் இப்போது நாவலை 300 கிராமுக்குள் அடக்கப் பார்க்கிறேன். பக்கத்தைக் குறைக்கவில்லை, தாளின் கனத்தைக் குறைத்தேன்.

ஆவடியில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். டாங்கி தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல்லவர் காலத்தை வைத்து அருமையான சரித்திர நாவல் எழுதினார். புத்தகம் வெளியிட்டுத் தருகிறோம் என்ற ஒரு நிறுவனத்துக்கு ‘பேக்கேஜ்’ என்று 65,000 ரூபாய் கட்டினார். பி.எஃப். பணம்.

“எவ்வளவு வித்துச்சு அண்ணே?” என்று கேட்டேன்.

“தெரியல தம்பி. கேட்டா ஆன்லைன்ல பாருங்கங்கிறாங்க. அதுல என்னென்னமோ போட்டிருக்கு, எனக்குப் புரியல.”

அவர் ஒப்பந்தத்தை வாங்கி வரி வரியாகப் படித்தேன். ஐஎஸ்பிஎன் எண் வாங்கித் தந்ததற்கு ஒரு தொகை போட்டிருந்தார்கள். அந்த எண் நம் நாட்டில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமையிடம் எழுத்தாளரே விண்ணப்பித்து வாங்கலாம். இதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை. ஏமாந்தது பணத்தில் மட்டும் இல்லை. இருபது வருஷமாகக் குறிப்பெடுத்து எழுதிய கதை எத்தனை பேர் கைக்குப் போனது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை அரித்தது. எழுத வருகிற புதியவர்களிடம் ஒன்று சொல்வேன்: பணம் கட்டுமுன் எதெதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், விற்பனைக் கணக்கு எந்தத் தேதியில் எப்படி வரும் என்று கேளுங்கள், பதிப்புரிமை உங்கள் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எழுத்தில் வரும் காசை அரசாங்கமே ஒரு வருமானமாக மதித்திருக்கிறது. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 80கியூகியூபி பிரிவு, இலக்கிய நூல்களுக்கு எழுத்தாளர் பெறும் ராயல்டியில் மூன்று லட்சம் வரை கழித்துக்கொள்ள இடம் தந்தது, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு. நாமே அச்சிட்டு நாமே விற்றால் வருவது ராயல்டி இல்லை, வியாபார வருமானம். அதற்கு நோட்டு தனி. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

என் நோட்டில் ஏற முடியாத ஒரு கணக்கு உண்டு. போன வருஷம் புது நாவல் வெளிவந்த நாலாம் நாள், நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப்பை அனுப்பி, “சார், உங்க கதை எங்க குரூப்ல செமயா ஓடுது” என்று சந்தோஷமாகச் சொன்னார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் நாவல். அந்தக் குழுவில் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். அந்த மாதம் படித்த பக்கங்களின் எண்ணிக்கை முந்தைய நாவலைவிட அதிகமாகியிருக்க வேண்டும். பாதியாகிவிட்டது. அனுப்பியவர் கெட்டவர் இல்லை, நல்ல வாசகர். அவர் செய்தது திருட்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஓசியில் ஓடுவது எழுத்தாளனுக்குப் பெருமை என்றுதான் நினைத்தார். என் மனைவி அந்தப் பிடிஎஃப்பைப் பார்த்துவிட்டு, “மெய்ப்பு பாத்தவருக்கு நாம குடுத்த காசு யாரு குடுப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

பெரிய எழுத்தாளர் ஒருவருக்கு நூறு பேர் ஓசியில் படித்தால் தெரியாமல் போகலாம். எங்களுக்கு அந்த நூறு பேர்தான் அடுத்த புத்தகம். 110 பேர் முன்பணம் கட்டினால் ஒரு நாவல் அச்சேறும் என்று மேலே கணக்குக் காட்டியிருக்கிறேன். அதில் இருபது பேர் குறைந்தால் அட்டைக்காரருக்கும் மெய்ப்பாளருக்கும் நான் கடன் சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கிற உங்கள் தெருவிலோ ஆபீஸிலோ, லோக்கல் டிரெயினில் உங்கள் எதிர் சீட்டிலோ எழுதுகிறவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் இலவசப் பிரதி கேட்காதீர்கள். ஒரு பிரதிக்குக் காசு கொடுத்து வாங்குங்கள். முடியாவிட்டால் உங்கள் ஊர் நூலகத்தில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். குழுவில் பிடிஎஃப் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். பரிமளத்தின் பத்தாவது கதைக்கு அடுத்த மாதம் முதல் தேதி முன்பதிவு தொடங்குகிறேன்.