வேரைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

நுண்ணுயிர் உரம் வெறும் கரித்தூள், யூரியாதான் பயிரை வளர்க்கும் என்கிறீர்கள். பூக்கும் பருவத்தில் ஓர் உளுந்துச் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். வேர்முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம் தரும் நிறம் அது. ஹாலந்து நுண்ணுயிரியலாளர் பெய்ஜெரிங்க் 1888-லேயே இந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துவிட்டார்.

ரைசோபியம் உரப் பொட்டலம் பலிக்கவில்லையா? வெயிலில் கிடந்ததா, சூடான கஞ்சியில் கலந்தீர்களா? உள்ளே இருப்பது உயிர். சூடு பட்டால் செத்துப்போகும். யூரியாவை அள்ளிக் கொட்டினாலோ செடி முடிச்சுப் போடுவதையே குறைத்துக்கொள்ளும். அடுத்த போகத்தில் உரத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதையுங்கள். பூத்ததும் வேரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.