குண்டில்லாத துப்பாக்கியா, சத்தமில்லாத துப்பாக்கியா?

பழைய போர்களை அதே உடை, அதே ஆயுதம், முடிந்தால் அதே மைதானம் என்று மறுபடி நடத்திப் பார்க்கும் பழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய அளவில் இருக்கிறது. 2015 ஜூனில் வாட்டர்லூ போரின் 200ஆம் ஆண்டுக்காக பெல்ஜியத்தில் சுமார் 5,000 பேர் சிப்பாய் வேடம் போட்டு, 300 குதிரைகளோடு இறங்கி, நெப்போலியனை மறுபடி ஒருமுறை தோற்கடித்தார்கள். (பாவம் மனிதர், இன்னும் எத்தனை முறைதான் தோற்பாரோ!) இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குள் ஒரு தீராத வழக்கு உண்டு: கையில் எந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்வது?

நல்லூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்? காரணம் இருக்கிறது. நண்பர்கள் சிலர் பரங்கிப்பேட்டைப் போரை ஒரு நாள் நடத்திப் பார்க்கலாமே என்று கிளம்பியிருக்கிறார்கள். ஏர்சாஃப்ட் வாங்கிவிடலாம் என்று ஒரு கட்சி. மருந்து வெடிக்காத போர் ஒரு போரா என்று இன்னொரு கட்சி. என்னிடம் கருத்து கேட்டார்கள். டீக்கடையில் நின்று சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் எது எது என்று பார்த்துவிடுவோம். ஏர்சாஃப்ட் என்பது 1970களில் ஜப்பானில் பிறந்தது. அங்கே சாதாரண ஜனங்கள் நிஜத் துப்பாக்கி வைத்துக்கொள்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் பார்வைக்கு அசலைப் போலவே இருந்து, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணியைச் சுடும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஸ்பிரிங்கிலோ, கேஸிலோ, பேட்டரியிலோ ஓடும். மணி பட்டால் சுளீர் என்று வலிக்கும். பட்டவர் தானே கையைத் தூக்கி வெளியேற வேண்டும், அதுதான் விதி. வெற்றுத் தோட்டா இதற்கு நேர் எதிர். மருந்து உண்டு, குண்டு கிடையாது. சத்தம், புகை, நெருப்பு எல்லாம் அசல். எதிரில் நிற்பவர் மேல் எதுவும் படாது. படாது என்பது கொஞ்சம் தள்ளி நிற்கும்வரைதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது நம் ஊர்ப்பக்கத்து சண்டைக்கு வருவோம். 1781 ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டை அருகே சர் அயர் கூட் சுமார் 8,000 பேரை வைத்துக்கொண்டு, பல மடங்கு பெரிய ஹைதர் அலியின் படையைத் தோற்கடித்தார். கூட்டின் படையிலும் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள்தான். அவர்கள் கையில் இருந்தது மஸ்கட். வாய்வழியே மருந்தையும் குண்டையும் போட்டுக் குச்சியால் இடித்துச் சுட வேண்டும். நன்றாகப் பழகியவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். 100 கஜத்துக்கு அப்பால் குறி என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அதனால்தான் வரிசையாக நிற்க வைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் சுடச் சொன்னார்கள். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் புகையில் எதிரி தெரிய மாட்டான். தெரியாமலே சுட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் போரை ஏர்சாஃப்ட்டில் நடத்தினால் என்ன ஆகும்? புகை இல்லை. காது அடைக்கும் சத்தம் இல்லை. எதிரி பளிச்சென்று தெரிகிறான். பட்டனை அழுத்தினால் மணிகள் சரம்சரமாகப் பாய்கின்றன. இரண்டாவது நிமிடத்தில் வரிசை கலைந்து ஆளுக்கொரு முந்திரி மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். போதாக்குறைக்குக் கண்ணாடி. 6 மி.மீ. மணி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஆகவே பிளாஸ்டிக் கண்ணாடி இல்லாமல் யாரையும் களத்தில் விடக் கூடாது. தலைப்பாகையும் சிவப்புக் கோட்டும் நீச்சல் கண்ணாடியும் போட்ட 1781ஆம் ஆண்டுச் சிப்பாயைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஆனாலும் ஏர்சாஃப்ட் கட்சியை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு. வெற்றுத் தோட்டாவில் ஒருவரும் பயப்படுவதில்லை! நிமிர்ந்து நின்று புகைப்படத்துக்கு முகம் காட்டிக்கொண்டே சுடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரை நடிக்கும்போது இது அபத்தம். அந்தப் போரில் தலையைத் தூக்கியவன் பிழைக்கவில்லை. மணி வந்து படும் என்று தெரிந்தால் உடம்பு தானாகப் பதுங்கும், தவழும், குழிக்குள் ஒடுங்கும். எந்தப் புத்தகமும் அதைக் கற்றுக்கொடுக்காது. 20ஆம் நூற்றாண்டுப் போர் என்றால் என் ஓட்டு ஏர்சாஃப்ட்டுக்கே.

இன்னொரு சங்கடமும் வெற்றுத் தோட்டாவில் இருக்கிறது. யார் சாவது? குண்டு வராதபோது எவனும் தானாக விழ மாட்டான். உடைக்கும் பயணத்துக்கும் காசு செலவழித்து வந்தவன் முதல் ஐந்து நிமிடத்தில் பிணமாகி, வெயிலில் படுத்துக் கிடக்க விரும்புவானா? ஏர்சாஃப்ட்டிலும் இதே கதைதான், வேறு வேஷத்தில். மணி பட்டதைச் சொல்லாமல் மறைப்பவன் அங்கே உண்டு.

ஆபத்தைப் பற்றி. வெற்றுத் தோட்டாவை விளையாட்டாக நினைப்பவர்கள் 1984இல் இறந்த அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸமை நினைத்துக்கொள்ள வேண்டும். படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியை நெற்றிப் பொட்டில் வைத்து விளையாட்டாகச் சுட்டார். குண்டே இல்லை, வெடித்த வேகமே மண்டையோட்டை உடைத்துவிட்டது. 1993இல் பிராண்டன் லீ இறந்தது, குழலுக்குள் சிக்கியிருந்த பழைய குண்டு முனையை வெற்றுத் தோட்டா வெளியே தள்ளியதால். 2021 அக்டோபரில் ஹலினா ஹட்சின்ஸ் என்ற ஒளிப்பதிவாளர் இறந்தது, இருக்கக் கூடாத இடத்தில் நிஜத் தோட்டா இருந்ததால். அந்த மாதமே 'தி ரூக்கி' என்ற தொலைக்காட்சித் தொடர்க்காரர்கள் வெற்றுத் தோட்டாவை விட்டுவிட்டு ஏர்சாஃப்ட்டுக்கு மாறிவிட்டார்கள். நெருப்பைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்கிறார்களாம். மைதானத்தில் நிற்கும் நமக்கு அந்த வசதி கிடையாது. மஸ்கட் வைத்து நடிக்கும் குழுக்களில் பலவும் களத்தில் இடிகுச்சியை உருவவே அனுமதிப்பதில்லை. அவசரத்தில் குச்சியைக் குழலுக்குள்ளேயே மறந்துவிட்டுச் சுட்டால் அது அம்பாகப் பாயும்.

அடுத்து சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இருக்கின்றன. மருந்து போடும் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், அது பயிர்க் காவலுக்கு வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியே ஆனாலும் சரி. காற்றுத் துப்பாக்கியில் கூட 4.5 மி.மீ. குழலுக்கோ 20 ஜூல் சக்திக்கோ மேல் போனால் உரிமப் பேச்சு வந்துவிடும். ஏர்சாஃப்ட்டுக்குச் சக்தி குறைவுதான், ஆனால் மணி 6 மி.மீ. இந்தக் கணக்கை யார் போலீஸ்காரரிடம் நின்று விளக்குவது? கறுப்புத் துப்பாக்கியோடு இருபது பையன்கள் தோப்புக்குள் ஓடினால் அவர் அளவுகோலை எடுக்க மாட்டார்.

சரி, போரைச் சொல்ல நம்மிடம் வழியே இல்லையா? இருக்கிறது. தென்னார்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் நூறு பேர் சேர்ந்து ஒரு போரை நடத்துகிறார்கள், துப்பாக்கி இல்லாமல். பல நாள் பாரதம் படித்து, இரவுகளில் கூத்து ஆடி, கடைசியில் பதினெட்டாம் போர். விடிந்ததும் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மைதானத்தில் மல்லாந்து கிடக்கிறான். இரவெல்லாம் ஆடிய கூத்துக்காரர்களே அவனைச் சுற்றி ஓடிச் சண்டையிடுகிறார்கள். தொடையில் அடி விழுகிறது, சிவப்பு வழிகிறது, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். (பீங்கானுக்குப் பேர் போன ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன், அது சுடாத மண். மழை பெய்தால் கரைந்துவிடும், அடுத்த முறை புதிதாகத்தான் பிசைய வேண்டும்.) யார் ஜெயிப்பார் என்று வந்திருக்கும் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனாலும் அந்த நிமிடத்தில் ஒருவரும் முகத்தைத் திருப்புவதில்லை.

ஏர்சாஃப்ட்டோடு எனக்கு உள்ள தகராறு இதுதான். அதில் முடிவு திறந்திருக்கிறது. நன்றாகச் சுட்டால் ஹைதர் ஜெயிக்கலாம். விளையாட்டு என்றால் அதுதான் சுவை. நடந்து முடிந்த போருக்கு அது பொருந்தாது. 1751இல் கிளைவும் பிகாட்டும் விருத்தாசலத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பாளையக்காரரின் ஆட்கள் மறித்துத் தாக்கினார்கள். துணைக்கு வந்த சிப்பாய்களில் பலர் செத்தார்கள். இருவரும் குதிரையைத் தட்டிவிட்டுத் தப்பினார்கள், பின்னாளில் கவர்னர்களும் ஆனார்கள். செத்த சிப்பாய்களின் பெயர் தெரியாது. அவர்களை நடிக்கிறவன் விழத்தான் வேண்டும். மணி படவில்லை என்று எழுந்து ஓடிவிடக் கூடாது.

ஆகவே நண்பர்களுக்கு என் யோசனை: குண்டும் வேண்டாம், துப்பாக்கிக்குள் மருந்தும் வேண்டாம். கையில் மரத் துப்பாக்கி. சத்தத்துக்குத் திருவிழா வேட்டு. உரிமம் உள்ள வேட்டுக்காரரைக் கூப்பிட்டு, காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி, ஆட்களிடமிருந்து தள்ளி ஓரிடத்தில் வரிசையாக வைத்துக் கொளுத்தச் சொல்லுங்கள். அதிகாரி வாளை இறக்கும்போது வேட்டு வெடிக்க வேண்டும், அதற்கு மட்டும் ஒத்திகை பார்த்தால் போதும். புகை காற்றோடு களத்துக்குள் வரும். யார் எத்தனையாவது வேட்டில் விழ வேண்டும் என்று முதல் நாளே சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடுங்கள், சிபாரிசு எடுபடாது.

மரத் துப்பாக்கிக்குத் தச்சர் கிடைப்பார். சிவப்புக் கோட்டுக்குத் துணி எடுக்கத்தான் இப்போதே காசு சேர்க்க வேண்டும். போர் நடந்தது ஜூலையில், அதனால் மெல்லிய துணியாகப் பாருங்கள்.