தூங்கும்போது வரும் பணம் யாருடையது?

சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்தின் பகோடா ஸ்திரீட் வாசல் வழியாக மேலே ஏறி வாருங்கள். இருபுறமும் சிறு கடைகள். மெர்லயன் சாவிக்கொத்து, விசிறி, டி-சட்டை, காந்த வில்லை. தெருக்கோடியில் 1827ல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில். காலையில் கடை திறந்து, பொருள்களை அடுக்கி, வருவோர் போவோரிடம் பேசி, இரவில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்வரை கடைக்காரர்களுக்கு உட்கார நேரமில்லை.

அதே தெருவில் நின்று கைப்பேசியைத் திறந்தால் வேறோர் உலகம். “இந்தச் சாவிக்கொத்தைக் கையால் தொடாமலே நீங்கள் விற்கலாம். கடை வேண்டாம், சரக்கு வேண்டாம். இணையக் கடையிலிருந்து கொஞ்சம், விளம்பரத்திலிருந்து கொஞ்சம், கமிஷனாகக் கொஞ்சம் என்று நான்கைந்து வழிகளில் பணம் வரும். தூங்கும்போதும் வரும்” என்கிறது ஒரு காணொளி. இதற்கு ‘பேசிவ் இன்கம்’ என்று பெயர். உங்களில் பலர் இத்தகைய காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். சேரலாமா என்று யோசித்தும் இருப்பீர்கள்.

எல்லாமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இணையத்தில் நேர்மையாகச் சம்பாதிப்போர் இருக்கிறார்கள். ஆனால் மெய்யையும் பொய்யையும் பிரித்துப் பார்க்கும் கருவி ஒன்று ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அறிவியல் வகுப்பில் படித்ததுதான். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றத்தான் முடியும்.

ஓயாமல் சுற்றும் சக்கரம்

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை இரண்டாம் பாஸ்கரர், தம் ‘சித்தாந்த சிரோமணி’ நூலில் ஒரு சக்கரத்தை விவரித்தார். அதன் ஆரங்களுக்குள் பாதரசம். ஒரு முறை சுற்றிவிட்டால் பாதரசத்தின் எடை மாறி மாறிச் சாய்ந்து, சக்கரம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது எண்ணம். அவருக்குப் பிறகு ஐரோப்பாவிலும் எத்தனையோ பேர் இப்படி ஓயாத இயந்திரங்களை வரைந்தார்கள். ஒன்றுகூட ஓடவில்லை. கடைசியில் 1775ல் பாரிஸ் அறிவியல் கழகம், இத்தகைய இயந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்தது.

அப்படி ஓர் இயந்திரம் உண்மையில் சுற்றுவதைக் கண்டால், அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்குள் மறைந்திருக்கும் மின்கலம் எங்கே?

பணத்திடமும் இதையே கேளுங்கள். பணம் ஆற்றலைப் போன்றதே அல்லதான். ஒரு நல்ல வியாபாரத்தில் விற்பவரும் வாங்குபவரும் இருவருமே பயன் பெற முடியும். ஆனால் உங்கள் கணக்கில் விழும் ஒவ்வொரு வெள்ளியும் வேறு யாரோ ஒருவர் கணக்கிலிருந்து வெளியேறியதுதான். அவர் யார்? எதற்காகக் கொடுத்தார்? இந்த இரண்டுக்கும் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் மின்கலம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சாவிக்கொத்துக் கணக்கு

முதலில் இணையக் கடை. சரக்கை நீங்கள் வைத்திருக்காமல், வாடிக்கையாளர் வாங்கியதும் உற்பத்தியாளரே நேரடியாக அனுப்பிவைக்கும் முறைக்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர். இது சட்டப்படியான வணிகம்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

சாவிக்கொத்தை 8 வெள்ளிக்கு விற்கிறீர்கள். பொருளுக்கும் அனுப்பும் செலவுக்கும் 4 வெள்ளி. மீதி 4 வெள்ளி லாபம் என்று தோன்றும். ஆனால் உங்கள் கடை இருப்பதே யாருக்கும் தெரியாது. பகோடா ஸ்திரீட்டில் நடந்து போகிறவர்கள் இங்கே இல்லை. ஆகவே விளம்பரம் வேண்டும். ஒருவர் விளம்பரத்தைத் தட்டி உங்கள் கடைக்கு வர 30 காசு செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். வருகிற 100 பேரில் 2 பேர் வாங்குகிறார்கள். 100 பேரை வரவழைக்க 30 வெள்ளி. விற்பனை இரண்டு. அதாவது ஒரு சாவிக்கொத்தை விற்க 15 வெள்ளி விளம்பரச் செலவு. 4 வெள்ளி லாபம் எங்கே போயிற்று? ஒவ்வொரு விற்பனையிலும் 11 வெள்ளி கையைவிட்டுப் போகிறது.

இதில் யாருக்கு வருமானம் வந்தது என்று பாருங்கள். உற்பத்தியாளருக்கு வந்தது. விளம்பரத் தளத்துக்கு வந்தது. “இப்படிச் சம்பாதிக்கலாம்” என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பு விற்றவருக்கும் வந்தது. விலை, விளம்பரச் செலவு, வாங்குவோர் விகிதம் மூன்றையும் நாள்தோறும் கவனித்துத் திருத்துகிறவர்கள் இதில் லாபம் பார்க்கிறார்கள். ஆனால் அது முழுநேர வேலை. தூங்கிக்கொண்டு செய்ய முடியாது.

விளம்பரம் பார்த்தால் பணமா?

அடுத்தது விளம்பர வருமானம். ஓர் இணையப் பக்கத்தை நீங்கள் திறக்கும் அந்த நொடிக்குள், அதில் யாருடைய விளம்பரம் வர வேண்டும் என்று ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. விளம்பரதாரர்கள் பெரும்பாலும் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று விலை வைக்கிறார்கள். ஆயிரம் பார்வைக்கு 5 வெள்ளி என்றால் ஒரு பார்வைக்கு அரைக் காசு. நாள் முழுக்க உட்கார்ந்து 100 விளம்பரங்களைப் பார்த்தாலும் அதன் மொத்த மதிப்பு 50 காசுதான். அதிலும் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஒரு செயலி, “விளம்பரம் பாருங்கள், நாளுக்குப் பல வெள்ளி தருகிறோம்” என்று சொன்னால், அரைக் காசுக்கு மேல் உள்ள தொகை எங்கிருந்து வருகிறது?

2024 சனவரியில் கோயம்புத்தூரில் இந்தக் கேள்வி தெருவுக்கே வந்தது. ‘மைவி3 ஆட்ஸ்’ என்ற நிறுவனம், கட்டணம் செலுத்தி உறுப்பினராகி, கைப்பேசியில் தினமும் விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொல்லி வந்தது. புதியவர்களைச் சேர்த்துவிட்டால் கூடுதல் வருமானம். காவல்துறை வழக்குப் பதிந்தது. நிறுவனமோ தவறு செய்யவில்லை என்றது. அப்போது நடந்ததுதான் வியப்பு. பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோர், நகருக்கு வெளியே நீலாம்பூரில் நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டார்கள். அவர்களுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. வருகிற பணத்தை நிறுத்திவிடாதீர்கள் என்பது அவர்கள் கோரிக்கை.

குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் கவனிக்க வேண்டியது, கூடியவர்களின் வாதத்தை. “எனக்குப் பணம் வருகிறது, ஆகவே இது உண்மை.” அறிவியலில் இந்த வாதம் செல்லாது. சக்கரம் சுற்றுகிறது என்பது, மின்கலம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆறில் ஐந்து பேர்

ஆள் சேர்த்தால் பணம் என்ற திட்டங்களின் மின்கலம், அடுத்துச் சேருகிறவர் கட்டும் பணம். இந்த மின்கலம் எப்போது தீரும் என்பதையும் கணக்கிடலாம். ஒவ்வொருவரும் 6 பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் 6 பேர், இரண்டாவதில் 36, மூன்றாவதில் 216. ஆறாம் வரிசையில் 46,656. எட்டாவதில் 1,679,616. ஒன்பதாவதில் 10,077,696. சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 6 மில்லியன். ஒன்பதாம் வரிசையை நிரப்ப இந்தத் தீவில் ஆள் போதாது.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். திட்டம் எந்த வரிசையில் நின்றாலும், சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. யாரோ நேர்மை தவறியதால் வந்த நட்டமல்ல இது. பெருக்கல் வாய்ப்பாடே இப்படித்தான். சிங்கப்பூரில் பிரமிடு விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் 1973லேயே வந்துவிட்டது.

சேமித்த உழைப்பு

அப்படியானால் யூடியூப்பில் சம்பாதிப்பவர்கள்? புத்தக உரிமைத்தொகை பெறும் எழுத்தாளர்கள்? அவர்களுக்குத் தூங்கும்போதும் பணம் வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அணைக்கட்டை நினைத்துப் பாருங்கள். மதகைத் திறந்தால் நீர் தானாகப் பாய்ந்து மின்சாரம் தருகிறது. ஆனால் அந்த நீரைச் சூரியனின் ஆற்றல் ஆவியாக்கி மேலே ஏற்றியிருந்தது. நேர்மையான இணைய வருமானமும் இப்படித்தான். முன்பே செய்து சேமித்த உழைப்பு, பிறகு மெல்ல மெல்லப் பணமாகிறது.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்னவீரமங்கலம் என்ற சிற்றூர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தின் தாத்தாவும் பேரன்களும் 2018ல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ தொடங்கினார்கள். 2021ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் ஒளிவழி அதுதான். அவர்களுடைய காணொளி ஒன்றைப் பாருங்கள். வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அம்மியில் மசாலா அரைத்து, அண்டா அண்டாவாகச் சமைத்து, முதியோர் உள்ளிட்டோருக்குப் பரிமாறுகிறார்கள். அதைப் படம்பிடித்துத் தொகுக்க வேண்டும். அடுத்த வாரம் மறுபடியும் செய்ய வேண்டும். ‘பேசிவ்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

யூடியூப்பில் விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற ஒரு வழி, 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும். 4,000 மணி நேரம் என்பது 240,000 நிமிடம். உங்கள் காணொளி 5 நிமிடம் என்றால் 48,000 பேர் அதை முழுமையாகப் பார்க்க வேண்டும். நம் தேசிய விளையாட்டரங்கில் 55,000 பேர் அமரலாம். ஏறக்குறைய அந்த அரங்கமே நிறைந்து, உங்கள் காணொளியைக் கடைசிவரை பார்ப்பதற்குச் சமம். அதற்குப் பிறகும் விளம்பரப் பணத்தில் 55 விழுக்காடுதான் உங்களுக்கு. உங்களுக்கு 18 வயது ஆகவில்லையென்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் துணையும் தேவை.

“ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று இருக்கும், அதனால்தான் பல வழிகள்” என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஐந்து குழாய்களும் ஒரே தொட்டியிலிருந்து வந்தால், தொட்டி வற்றும் நாளில் ஐந்தும் வற்றும். 2020 சூன் 29ஆம் தேதி இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடைசெய்தது. டிக்டாக் புகழை வைத்தே விளம்பரம், விற்பனை, நிகழ்ச்சி அழைப்பு என்று பல வழிகளில் சம்பாதித்தவர்களுக்கு எல்லா வழிகளும் ஒரே நாளில் ஆட்டம் கண்டன.

உங்களிடம் கேட்கப்போவது

உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதை ஏன் சொல்கிறேன்? உங்களிடம் முதலீடு செய்யப் பணம் இல்லை என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும். ஆகவே வேறொன்றைக் கேட்பார்கள். “உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, வரும் பணத்தில் பங்கு தருகிறேன்” என்பார்கள். 15 வயதில் சிங்பாஸ் கிடைத்துவிடுகிறது. அதன் மறைச்சொல்லையும் கேட்பார்கள். ஒன்றும் செய்யாமல் வரும் பணம் என்றால் இதைவிட எளிதாக ஒன்று இருக்க முடியாது. இங்கே மின்கலம், ஏமாற்றப்பட்ட யாரோ ஒருவரின் சேமிப்பு. அது உங்கள் நண்பனுடைய தாத்தாவின் ஓய்வுக்காலப் பணமாகவும் இருக்கலாம். 2024ல் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்களில் குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி பறிபோனது. அந்தப் பணம் கைமாறிச் செல்ல யாருடைய கணக்குகளோ தேவைப்பட்டன. கணக்கையோ சிங்பாஸ் விவரங்களையோ குற்றத்துக்குத் துணைபோகும்படி கொடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதை எளிதாக்கும் சட்டத் திருத்தங்கள் 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தன. “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்புவது இனி எளிதல்ல.

ஆகவே சம்பாதிக்க ஆசைப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழைய பாடநூல்களைக் கேரோசலில் விற்றுப் பாருங்கள். அந்தத் தளமே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று இளையர்கள் 2012ல் தொடங்கியதுதான். உங்களுக்குத் தெரிந்த ஒன்றைத் தமிழில் விளக்கிக் காணொளி எடுங்கள். எவ்வளவு நேரம் செலவானது, எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கிடைத்தது என்று தெரியும். குறைவாகத்தான் இருக்கும். ஆனால் விலை வைக்கவும், எழுதவும், வாடிக்கையாளரிடம் பேசவும் கற்றிருப்பீர்கள்.

அடுத்த முறை தூங்கும்போது வரும் பணத்தைப் பற்றி யாராவது சொன்னால், ஒரு தாளை எடுத்து அம்புக்குறி போட்டு வரையுங்கள். பணம் யாரிடமிருந்து கிளம்புகிறது? எந்தெந்தக் கையில் எவ்வளவு குறைகிறது? கடைசியில் யாரிடம் சேருகிறது? அம்புக்குறியின் தொடக்கத்தில் எழுத உங்களுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லையென்றால் சேராதீர்கள். சந்தேகம் இருந்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அந்தத் தாளைக் காட்டுங்கள்; 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணையும் அழைக்கலாம்.