பாடம் எதற்கு, பட்டம் போதும் என்பவர்களுக்கு

பஹ்ரைன் தலைநகர் மனாமாவின் குதைபியா பகுதியில் வெள்ளிக்கிழமை நம்மவர்கள் நாலு பேர் கூடினால், சித்ராவிலோ சல்மாபாதிலோ வேலை பார்க்கும் இளைஞனுக்கு ஓர் அறிவுரை கிடைக்கும். “தம்பி, ஒரு எம்.டெக். முடிச்சு வெச்சுக்கங்க, கிரேடு ஏறும். பாடமெல்லாம் ஒப்புக்குத்தான். பிளான்ட்ல அதையெல்லாம் யாரு கேக்கப் போறா? தீசிஸ் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கு.” சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால், குறைந்தபட்சம் வேதிப்பொறியியலில், இது ஆபத்தான நம்பிக்கை. இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்.

இதில் பாதி உண்மை உண்டு, மறுக்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக் கிரேடு போடும் நிறுவனங்கள் வளைகுடாவில் இருக்கின்றன. பத்து ஷட்டவுன் பார்த்த ஆபரேட்டருக்குத் தெரிந்த பிளான்ட், நேற்று வந்த எம்.டெக். பட்டதாரிக்குத் தெரியாது. 1936 முதல் ஓடும் சித்ரா சுத்திகரிப்பு ஆலையைத் தாங்கி நிற்பதே அப்படிப்பட்ட அனுபவம்தான். ஆனால் அனுபவம் இதுவரை நடந்ததை மட்டுமே கற்றுத்தரும். நடக்காததை முன்கூட்டிச் சொல்லப் பாடம் வேண்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகரில், டி2 லேபரட்டரீஸ் என்றொரு சிறு நிறுவனம் இருந்தது. உரிமையாளர்களில் ஒருவர் வேதியியலாளர், மற்றவர் வேதிப்பொறியாளர். பெட்ரோலில் கலக்கும் ஒரு மாங்கனீசுச் சேர்மத்தை அங்கே தயாரித்தார்கள். ஆய்வகத்தில் ஒரு லிட்டர் கலனில் சோதித்துப் பார்த்துவிட்டு, நேரே 2,450 காலன் ரியாக்டருக்குப் போனார்கள். தொடக்க பேட்ச்களிலேயே எதிர்பாராத வெப்ப உயர்வு தலைகாட்டியது. சமாளித்தார்கள். 42-வது பேட்ச்சிலிருந்து சரக்கின் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். 174 பேட்ச் முடிந்தது. 2007 டிசம்பர் 19 அன்று 175-வது பேட்ச்சில் குளிர்விப்பு நின்றது. மாற்று ஏற்பாடு இல்லை. வெப்பம் ஒரு எல்லையைத் தாண்டியதும், அவர்கள் கணக்கில் எடுத்திராத இரண்டாவது வினை ஒன்று உள்ளே தொடங்கிவிட்டது. ரியாக்டர் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். வேதிப்பொறியாளரான உரிமையாளரும் அவர்களில் ஒருவர்.

174 பேட்ச் அனுபவம் அவர்களைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய கணக்கு ரியாக்‌ஷன் இன்ஜினியரிங் பாடத்தில் இருக்கிறது. 2,450 காலன் என்பது ஏறத்தாழ 9,300 லிட்டர். வடிவம் மாறாமல் ஒரு லிட்டர் கலனை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால், ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிர்விக்கும் பரப்பு சுமார் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். வெப்பம் பிறப்பது கொள்ளளவைப் பொறுத்தது, வெளியேறுவது பரப்பைப் பொறுத்தது. வெப்பநிலை கூடக் கூட வினையின் வேகமோ மடங்கு மடங்காக ஏறும். வினைகளின் வெப்பத்தைச் சிறு அளவில் அளந்துவிட்டால், எந்தப் புள்ளியில் கை மீறும் என்பதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். அதற்கு யாரும் சாக வேண்டியதில்லை.

விபத்தை விசாரித்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் குளிர்விப்புக் குழாயோடு நிற்கவில்லை. கல்லூரிப் பாடத்திட்டத்தையும் கேள்வி கேட்டது. வினை ஆபத்துகளைப் பற்றிய பாடம் இளங்கலையிலேயே வேண்டும் என்று பரிந்துரைத்தது. பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு, வேதிப்பொறியியலுக்கான தன் விதிகளில் செயல்முறை ஆபத்துகளைப் பின்னர் சேர்த்தது. பாடமெல்லாம் ஒப்புக்குத்தான் என்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எங்கோ அமெரிக்காவில் நடந்ததுதானே என்று ஒதுக்க முடியாது. சித்ராவில் ஜிபிஐசி ஆலை 1985 முதல் அம்மோனியாவும் மெத்தனாலும் தயாரிக்கிறது. இரண்டையும் உருவாக்குபவை வெப்பம் உமிழும் வினைகள். வெப்பநிலையை ஏற்றினால் வேகம் கூடும், சமநிலையில் கிடைக்கும் விளைச்சல் குறையும். இந்த இழுபறியைத்தான் முதுகலையில் வெப்ப இயக்கவியலும் ரியாக்‌ஷன் இன்ஜினியரிங்கும் சேர்ந்து அலசுகின்றன. தம்பி தினமும் கடந்து போகும் கோபுரத்துக்குள் நடப்பதைத்தான் அந்தப் பாடங்கள் பேசுகின்றன.

முதுகலையில் பெரும்பாலும் கட்டாயமாக வருபவை நான்கு: வெப்ப இயக்கவியல், டிரான்ஸ்போர்ட் ஃபினாமினா, ரியாக்‌ஷன் இன்ஜினியரிங், இவற்றைத் தீர்க்கும் கணிதம். பிறகு தீசிஸ். பதில் தெரியாத ஒரு கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, தன் முடிவைத் தேர்வாளர்முன் தானே காத்து நிற்பது அது. அதைக் காசு கொடுத்து எழுதி வாங்கியவனிடம், நாளை கண்ட்ரோல் ரூமில் யாரும் பார்த்திராத ஓர் அளவீடு வரும்போது என்ன இருக்கும்?

காகிதமாவது நிலைக்குமா என்றால் அதற்கும் உறுதியில்லை. தொலைநிலைக் கல்வியில் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றி வழங்கிய பொறியியல் பட்டங்களில் சிலவற்றை ரத்து செய்தும் சிலவற்றை நிறுத்தி வைத்தும் 2017 நவம்பர் 3 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் கட்டியவர்களும், அந்தப் பட்டத்தை நம்பிப் பதவி உயர்வு பெற்றவர்களும் தவித்துப் போனார்கள். சான்றிதழில் குத்தும் அட்டஸ்டேஷன் முத்திரை அந்த ஓட்டையை அடைக்காது.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து, ஆறு பேர் பகிரும் அறைக்குத் திரும்புகிறவனிடம் இதைச் சொல்வது எனக்கும் வலிக்கிறது. ஊரில் வீட்டுக் கடன், தங்கை கல்யாணம். வேலையை விட்டு இரண்டு வருடம் படிக்க அவனால் முடியாது. அவனுக்குத் தீசிஸ் இல்லாமல் பாடங்களை மட்டும் முழுமையாக நடத்தும் முதுகலை போதும். அதில் குறை எதுவும் இல்லை. தேர்வு உண்மையாக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே தம்பி, கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேட்பதற்கு முன் பாடப்பட்டியலைக் கேளுங்கள். அந்த நான்கு பாடங்களும் கட்டாயமா, தேர்வுத்தாளைத் திருத்துவது யார், தீசிஸ் உண்டென்றால் ஆய்வு வழிகாட்டி எந்தத் துறையில் வேலை செய்தவர் என்று கேளுங்கள். இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்துக்கு ஒரு தினார்கூட அனுப்பாதீர்கள்.