டாக்டர் நடக்கச் சொன்னார்... கால் எலும்பு வலிக்கிறதே! - வாக்கிங் வலியும் சரியான ஷூவும்

"என்னக்கா, ஒரு வாரமா ஆளையே காணோம்?"

"சுகர் இருக்கு, வேகமா நடங்கன்னு டாக்டர் சொன்னாரு. நடந்தேன். இப்ப முட்டிக்குக் கீழ எலும்பு தெறிக்குது. இந்த வலிக்கு சுகரே தேவலைன்னு நின்னுட்டேன்."

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி, பொழுது விடிவதற்குள் நடந்து முடிக்கும் கூட்டத்தில் இப்படி ஓர் உரையாடலைக் கேட்க ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம். ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் எக்கோ பார்க்கிலும் இதே கதைதான். புதுசாக நடக்க ஆரம்பித்தவர்கள் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள். எல்லோரையும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. பாதிப் பேருக்காவது கால் வலிதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

வலியைவிட அந்த 'சுகரே தேவலை'தான் கவலைப்பட வைக்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையோடு சேர்த்து எழுதித் தரப்படும் செலவில்லாத மருந்து, நடை. அதைக் கால் எலும்பு வலிக்காக நிறுத்துவது பெரிய நஷ்டம். அதுவும் இந்த வலி பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது.

வலிப்பது எது?

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும் நீள எலும்பு. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகுமே, அதேதான். அதை ஒட்டி வெளிப்பக்கமாக ஒரு தசை ஓடுகிறது. நடக்கும்போது குதிகால் முதலில் தரையில் படும். பாதத்தின் முன்பகுதி 'தொப்'பென்று விழாமல், மெதுவாக இறக்கி வைப்பது இந்தத் தசையின் வேலை. சாதாரண நடையில் அதற்குச் சிரமமில்லை. வேகம் வேண்டும் என்று எட்டி எட்டி அடி வைக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அது பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது நிமிடத்திலேயே முன்பக்கம் எரிகிற மாதிரி வலித்தால், இந்தத் தசை களைத்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு வலி எலும்பின் உள்பக்க விளிம்பில், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். இதைத்தான் டாக்டர்கள் 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்' என்கிறார்கள். திரும்பத் திரும்ப விழும் அடியை எலும்பும் அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையும் தாங்க முடியாமல் புண்ணாகிப் போவது. எலும்பு, பாரம் விழ விழ தன்னைப் பழுது பார்த்து உறுதியாகும். ஆனால், அதற்கு நாள் வேண்டும். மூச்சு வாங்குவது இரண்டே வாரத்தில் குறைந்துவிடும். அதை நம்பி வேகத்தையும் தூரத்தையும் கூட்டிவிடுகிறோம், எலும்போ இன்னும் தயாராகி இருக்காது.

தெப்பக்குளம் கிட்டத்தட்ட 1,000 அடிக்கு 950 அடி. ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். வருடக்கணக்கில் வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் மட்டுமே நடந்த ஒருவர், முதல் நாளே பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே ஐந்து சுற்று வந்தால் 6 கிலோமீட்டர். பேச்சு சுவாரஸ்யத்தில் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்தாவது நாள் தெரியும்.

தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் 2023 நவம்பர் 4-ம் தேதி தொடங்கிய திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. டோக்கியோவில் இருக்கும் 8 கிலோமீட்டர் நடைபாதையைப் பார்த்து வந்த யோசனை. நல்ல திட்டம். ஆனால் 8 கிலோமீட்டர் என்பது சில மாதங்களில் போய்ச் சேர வேண்டிய இடம். முதல் ஞாயிற்றுக்கிழமையே முடித்துக்காட்ட வேண்டிய பந்தயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பதே வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சிதான். அரை மணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் கணக்கு முடிந்தது.

தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இது பொருந்தும். மதுரைப் பக்கத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். வருடம் முழுக்க பைக்கில் போய்விட்டு மாலை போட்டதும் நடந்தால், திண்டுக்கல் தாண்டுவதற்குள் கால் எலும்பு பேச ஆரம்பித்துவிடும். ஒன்றரை மாதம் முன்னாடியே நடந்து பழகினால் முருகனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தரையையும் பாருங்கள்

சிமென்ட் தளம், பேவர் பிளாக் கல், கருங்கல் எல்லாமே அடியைத் திருப்பி நம் காலுக்கே தருபவை. மண் தரை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மதுரையைச் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களுக்குக் கண்மாய்க் கரை இருக்கிறது. மழை பெய்து சேறாக இல்லாத நாளில் அதைவிட நல்ல நடைபாதை கிடையாது. கருவேல முள்ளுக்கு மட்டும் பயந்து, கனமான அடிப்பகுதியுள்ள ஷூ போட்டுக்கொள்ள வேண்டும்.

சாலை ஓரத்தில் நடப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் வடிவதற்காகச் சாலை ஓரம் சரிவாக இருக்கும். தினமும் ஒரே பக்க ஓரத்தில் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், மறுகால் மேட்டில். குளத்தையோ மைதானத்தையோ எப்போதும் ஒரே திசையில் சுற்றினாலும் திருப்பங்களில் ஒரே காலுக்குத்தான் கூடுதல் பாரம். வேண்டுதல் இல்லையென்றால், பாதி நேரம் வலமாகவும் பாதி நேரம் இடமாகவும் சுற்றலாம். எதிரில் வருபவர்கள் முறைப்பார்கள். பரவாயில்லை.

எப்போது டாக்டர்?

கால் எலும்பின் உள்விளிம்பில் விரலை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கு விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால் ஷின் ஸ்பிளின்ட்ஸாக இருக்கலாம். ஒரே ஒரு புள்ளியில் 'சுரீர்' என்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும் என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகலாம். அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்று மறுநாளே ஷூவை மாட்டாதீர்கள்.

குறிப்பிட்ட தூரம் நடந்ததும் பின்பக்கக் கெண்டைக்கால் சதை இறுக்கிப் பிடித்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறதா? மறுபடி நடந்தால் மறுபடியும் பிடிக்கிறதா? புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்குக் காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறி இது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். நடக்க நடக்கக் கால் வெடித்துவிடும் போல இறுகி, பாதம் மரத்துப்போனாலும் காத்திருக்கக் கூடாது. இவை எதையும் ஷூ மாற்றிச் சரிசெய்ய முடியாது.

சாதாரண வலிதான் என்றால், ஒன்றிரண்டு வாரம் நடையைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம். அந்த நாள்களில் சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம், சும்மா இருக்க வேண்டியதில்லை. துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வைக்கலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் மட்டும் ஐஸும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தைலத்தைப் போட்டு எலும்பின் மேலேயே அழுத்தி நீவுவதை எல்லோருமே விட்டுவிடுங்கள், புண்ணான இடத்தை அது இன்னும் புண்ணாக்கும்.

இனி ஷூ கடை

முதலில் ஹவாய் செருப்பு. வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்ப வசதிதான். ஆனால், கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். வேக நடைக்கு அது சரிப்படாது. சேலையோடு ஷூ போட்டால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று தயங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெப்பக்குளத்துப் பக்கம் வந்து பாருங்கள், சேலைக்கு ஷூ இப்போது சாதாரணம்.

நம் ஊரில் ஷூ கடித்தால் காலைக் குறை சொல்கிறோம். உண்மையில் அளவிலேயே சிக்கல் இருக்கிறது. கடைகளில் இருக்கும் யு.கே. அளவுகள் நம் காலைப் பார்த்துப் போட்டவை அல்ல. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை ஸ்கேனர் வைத்து அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்று தெரிந்தது. அகலம் பத்தாததால் நாம் ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறோம், நீளம் கூடி ஷூவுக்குள் கால் முன்னும் பின்னும் ஓடுகிறது. இதற்காகவே 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கான தனி அளவு முறையையும் அந்த நிறுவனம் முன்வைத்திருக்கிறது.

அதுவரை நாமே அளந்துகொள்ளலாம். சாயங்காலம், கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரத்தில், ஒரு தாளில் நின்று இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரையுங்கள். பெரிய பாதம்தான் கணக்கு. வெட்டிய அந்தத் தாளைக் கடையில் ஷூவின் அடிப்பகுதியோடு வைத்துப் பாருங்கள். பாதம் ஷூவைவிட அகலமாக வெளியே தெரிந்தால் அந்த மாடலே வேண்டாம், ஒரு சைஸ் கூட்டிக் கேட்காதீர்கள். பெண்களுக்கான ஷூக்கள் பெரும்பாலும் ஒடுக்கமாக வரும். ஆண்கள் பிரிவில் உங்கள் அளவு கிடைத்தால் வெட்கப்படாமல் வாங்குங்கள். கலர் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

சாக்ஸ் போட்டு, லேஸ் கட்டி நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்சுவரை விரலால் அழுத்தினால் பொசுக்கென்று மடங்கக் கூடாது. ஷூவை மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடிந்தால் அது துணிப் பை. பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும் சோல் கடையில் சுகமாக இருக்கும், நாலு மாதத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

'உங்களுக்குத் தட்டைப் பாதம், இந்த ஸ்பெஷல் மாடல்தான்' என்று விற்பனையாளர் ஆரம்பித்தால் அவசரப்பட வேண்டாம். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் பயிற்சி வீரர்களுக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்தார்கள். பார்க்காமல் கொடுத்தவர்களைவிடக் காயம் ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. கடைக்குள் பத்து நிமிடம் நடந்து, எங்கும் உறுத்தாமல் இருப்பதை எடுங்கள். 'போடப் போட லூஸ் ஆகிடும்' என்பதை நம்பி வாங்கிய ஷூக்கள் எத்தனை வீட்டு அலமாரியில் தூங்குகின்றன!

பாதத்தில் மதமதப்பு உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கடைக் கணக்கு போதாது. டாக்டரிடம் பாதத்தைக் காட்டி, எம்.சி.ஆர். செருப்போ அவர் சொல்லும் ஷூவோ போட வேண்டும். கழற்றியதும் புண், கொப்புளம் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். திருப்பரங்குன்றம் கிரிவலமானாலும் வெறுங்காலோடு போகாதீர்கள்.

புது ஷூ வந்ததும் முதல் வாரம் 15 நிமிடம் போதும். எட்டிப் போடாமல் சின்னச் சின்ன அடியாக வைத்து, வேகத்தை அடிகளின் எண்ணிக்கையில் கூட்டுங்கள். நடப்பதற்கு முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை அரை நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். டி.வி. பார்க்கும்போது குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். முன்பக்கத் தசை இதில்தான் பலம் பெறும். வலி திரும்ப எட்டிப் பார்த்தால் போன வாரத்துக் கணக்குக்கே இறங்கிவிடுங்கள்.

ஷூவின் நாக்குக்கு உள்பக்கம், வாங்கிய தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். பொதுவாக 500-லிருந்து 800 கிலோமீட்டர் வரைதான் சோலுக்கு உயிர். தினம் 4 கிலோமீட்டர் நடப்பவருக்கு மாதம் 120 ஆகிவிடும். மேலே பளபளவென்று இருந்தாலும், ஆறாவது மாதம் ஷூவைத் தரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது இனி மார்க்கெட்டுக்குப் போக.