அரை நாளில் பார்த்து முடிக்கிற ஊரா இஸ்கந்தரிய்யா?



உம்றாவோடு எகிப்தையும் சேர்த்துக் காட்டும் பயண விளம்பரங்கள் நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் இப்போது அடிக்கடி வருகின்றன. நல்ல விடயம். ஆனால் ஒரு விளம்பரத்தைத் திறந்து நிகழ்ச்சி நிரலைக் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். கெய்ரோவுக்கு மூன்று நாள், பிரமிட்டுக்கு ஒரு முழுப் பகல், கான் அல்-கலீலி கடைத்தெருவுக்கு ஒரு மாலை. கடைசி வரியில், இடம் மிச்சமிருந்ததால் போட்டது போல, "அலெக்சாந்திரியா - அரை நாள்" என்று இருக்கும்.

கெய்ரோவிலிருந்து அந்த ஊர் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். போக மூன்று மணி, வர மூன்று மணி. நடுவில் கைத்பே கோட்டை வாசலில் செல்பி, அபுல் அப்பாஸ் பள்ளியில் ளுஹர், கடற்கரையில் ஒரு மீன் சாப்பாடு, நூலகத்தை பஸ் ஜன்னலால் ஒரு பார்வை. அவ்வளவுதான். இலட்சக்கணக்கில் செலவழித்துப் போகிற நம் சனங்கள், எகிப்திலேயே இலங்கை முஸ்லிம்களோடு மிக நெருங்கிய தொடர்புள்ள ஊரை இப்படித் தாண்டி வருகிறார்கள் என்பதுதான் நமது ஆதங்கம்.

அந்தக் கோட்டையிலிருந்தே தொடங்குவோம். வழிகாட்டி ஒரு கதையைக் கட்டாயம் சொல்வார்: இந்த இடத்தில்தான் உலக அதிசயங்களில் ஒன்றான பாரோஸ் வெளிச்சவீடு நின்றது, கிறிஸ்துவுக்கு முன் 280 அளவில் கட்டினார்கள், நூறு மீற்றரை விட உயரம். உண்மைதான். அது அடுத்தடுத்த பூமியதிர்ச்சிகளில் சிதைந்தது. 1477இல் மம்லூக் சுல்தான் கைத்பே அதே இடத்தில், அதன் கற்களையும் எடுத்து, கோட்டையைக் கட்டினார். அந்த வெளிச்சவீட்டின் கடைசி நாட்களைக் கண்ணால் கண்டு எழுதி வைத்தவர் நமக்கு அந்நியர் அல்லர், இப்னு பதூதா. 1326இல் பார்த்தபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் திரும்பி வந்தபோது உள்ளே போகவே முடியாத அளவுக்குச் சிதைந்து கிடந்தது. இந்த இரண்டு வருகைகளுக்கும் நடுவில், 1344இல், அவர் எங்கே நின்றார் தெரியுமா? புத்தளத்தில் கரையேறி, பாவாதமலைக்கு ஏறிக்கொண்டிருந்தார். முதல் முறை இஸ்கந்தரிய்யாவில் தங்கியிருந்தபோது ஒரு பெரியவர் அவரிடம், நீ இந்தியாவுக்கும் சிந்துவுக்கும் சீனாவுக்கும் போவாய், அங்குள்ள என் சகோதரர்களுக்கு ஸலாம் சொல் என்றாராம். கிழக்கே வரும் எண்ணம் அந்த ஊரில்தான் தன் மனதில் விழுந்தது என்று அவரே பதிந்திருக்கிறார்.

வழிகாட்டி பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார். அவர் சொல்லாமல் விடும் பகுதிதான் நமக்கு முக்கியம்.

1882 ஜூலை 11. காலை ஏழு மணியளவில், அட்மிரல் சீமோரின் தலைமையில் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இந்தக் கடலில் நின்றபடி இஸ்கந்தரிய்யாவின் கோட்டைகளை நோக்கிப் பீரங்கிகளை இயக்கின. மாலை வரை நிற்கவில்லை. கைத்பே கோட்டை பலமாகச் சேதமடைந்தது. இன்று நாம் காண்பது பிறகு திருத்தப்பட்ட கட்டடம். அடுத்து வந்த நாட்களில் நகரின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. அப்போது எகிப்தின் யுத்த அமைச்சராக இருந்தவர் அஹ்மத் ஒராபி பாஷா. வெளிநாட்டுக் கடன்காரர்களின் பிடியில் கிடந்த நாட்டில், "எகிப்து எகிப்தியருக்கே" என்று எழுந்த இயக்கத்தின் தலைவர். செப்டெம்பர் 13இல் தெல் அல்-கபீர் போரில் தோற்றார். மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடுகடத்தலாக மாற்றினார்கள். அவரையும் ஏனைய பாஷாக்களையும் குடும்பங்களோடு ஏற்றிய கப்பலின் பெயர் 'மரியோட்டிஸ்'. இஸ்கந்தரிய்யாவுக்குத் தெற்கே இருக்கும் ஏரியின் பெயர் அது. 1883 ஜனவரியில் அந்தக் கப்பல் கொழும்புக்கு வந்து சேர்ந்தது.

மீதி நம் வீட்டுக் கதை. 1892இல் கொழும்பில் அல்-மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியபோது வாப்பிச்சி மரைக்கார், சித்தி லெப்பை போன்றவர்களுக்குப் பக்கபலமாக நின்றவர் ஒராபி. நம் பெரியவர்கள் துருக்கித் தொப்பி அணிந்ததற்கு அவரது செல்வாக்கையே காரணமாகச் சொல்வார்கள். அந்தத் தொப்பிக்காக 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் நீதிமன்றத்தில் பட்ட பாட்டை மூத்தவர்கள் அறிவார்கள். 1901இல் ஒராபி நாடு திரும்பினார். கூட வந்தவர்களில் சிலர் திரும்பவேயில்லை. இந்த மண்ணில்தான் மௌத்தானார்கள். சித்தி லெப்பை 1885இல் எழுதிய 'அஸன்பே சரித்திரம்', தமிழின் முதல் நாவல்களில் ஒன்று, எகிப்தைக் களமாகக் கொண்டது. அந்தக் காலத்து முஸ்லிம் வாசகருக்கு எகிப்து எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆக, அந்தக் கோட்டைச் சுவரில் சாய்ந்து படம் பிடிக்கிற நம் பிள்ளை, தான் படிக்கிற பாடசாலை முறைமையின் ஒரு வேர் இங்கே விழுந்த குண்டுகளில் இருக்கிறது என்பதை அறியாமலே திரும்புகிறது. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? கண்டிக்குப் போகும் நமது பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் பேராதனைப் பூங்காவுக்குத் தவறாமல் போகின்றன. ஹல்லொலுவ வீதியில் ஒராபி வாழ்ந்த வீடு 1983இலிருந்து நினைவு நிலையமாக இருக்கிறது. அங்கே எத்தனை பஸ் திரும்புகிறது? கேள்வி ஆசிரியர்களான நமக்கும் சேர்த்துத்தான்.

அபுல் அப்பாஸ் அல்-முர்ஸி பள்ளியைப் பற்றி. ஸியாரம் குறித்து நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாடுகள் எப்படியும் இருக்கட்டும், வரலாறு எல்லோருக்கும் பொது. அந்தலூஸின் முர்ஸியாவிலிருந்து வந்த அவர், இமாம் ஷாதுலியின் வாரிசு. கொழும்பிலும் பேருவளையிலும் காலியிலும் உள்ள ஷாதுலிய்யா ஸாவியாக்களின் சங்கிலி இந்த வாசலைத் தொட்டுத்தான் போகிறது. ஹிகம் எழுதிய இப்னு அதாஉல்லாஹ் அவரது மாணவர். இன்னொரு மாணவர் இமாம் பூஸிரி. நமது ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் புர்தாவை எழுதியவர். அவரது பள்ளிவாசல் அங்கிருந்து சில நிமிட நடைதான். புர்தா மஜ்லிஸில் பாதி வயதைக் கழித்த நம் வாப்பாமார், பக்கத்துப் பள்ளி யாருடையது என்று ஒருவரும் சொல்லாததால் பஸ் ஏறிவிடுகிறார்கள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இனி நூலகம். 2002 ஒக்டோபரில் திறந்த புதிய நூலகம், கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கும் பெரிய வட்டத் தட்டுப் போன்ற கட்டடம். வெளிச்சுவர்க் கருங்கல்லில் உலகின் பல எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே போக வேண்டும். 2011 ஜனவரிக் கிளர்ச்சியின்போது நகர இளைஞர்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று காவல் காத்த இடம் இது.

பழைய நூலகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், ஹஸ்ரத் உமர் (ரழி) கட்டளையிட்டு எரித்தார்கள் என்ற கதையும் கூடவே வரும். முகநூலிலும் வருகிறது, வகுப்பறையிலும் வருகிறது. கோபப்பட்டுப் பயனில்லை, பதில் தெரிந்திருக்க வேண்டும். முஸ்லிம்கள் அந்நகரை வென்றது 641-642இல். இந்தக் கதை நூல்களில் தலைகாட்டுவது ஏறத்தாழ அறுநூறு வருடங்களுக்குப் பிறகு. அதற்கு வெகு முன்பே, கிறிஸ்துவுக்கு முன் 48இல் சீசரின் போரில் மூட்டிய தீ நூல்களை அழித்தது. கிளை நூலகம் இருந்த செராபியம் கோயிலை 391இல் இடித்தார்கள். முஸ்லிம்கள் வந்தபோது எரிக்க அங்கே நூலகம் மிஞ்சியிருக்கவில்லை என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. செராபியம் நின்ற மேட்டில் இன்று ஒரே ஒரு பெரிய தூண் இருக்கிறது. பொம்பேயின் தூண் என்பார்கள். பொம்பேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது டயக்கிளீசியன் மன்னனுக்காக நட்டது. பொய்ப் பெயரும் பொய்க் கதையும் எவ்வளவு காலம் உயிர்வாழும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்தப் பழைய நூலகத்தின் பொறுப்பாளராக இருந்த எரட்டோஸ்தெனிஸ்தான் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவர். கோடையின் நீண்ட பகலில், நண்பகலில், அஸ்வானில் சூரியன் நேர் உச்சியில், இஸ்கந்தரிய்யாவில் 7.2 பாகை சாய்வு. அதாவது வட்டத்தில் ஐம்பதில் ஒன்று. இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினார். சமாந்தரக் கோடுகளும் ஒன்றுவிட்ட கோணங்களும் எதற்கு சேர் என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் இதுதான்.

முன்தஸா தோட்டம், ஸ்டான்லி பாலம் எல்லாம் அழகுதான், நேரமிருந்தால் பாருங்கள். ஆனால் கொம் அல்-திக்காவைத் தவறவிடாதீர்கள். உரோமர் காலத்து அரங்கம் என்று டிக்கெட்டில் இருக்கும். அதன் அருகிலேயே ஏறத்தாழ இருபது விரிவுரை அறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து ஏழாம் நூற்றாண்டு வரை ஓடிய வகுப்புகள். சுவரோரம் மாணவர் அமரும் கல் இருக்கைகள், தலைமாட்டில் ஆசிரியருக்கு உயர்ந்த ஆசனம். சுற்றுலாக் குறூப்கள் அரங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதால் இந்தப் பக்கம் அநேகமாக வெறிச்சோடிக் கிடக்கும்.

வயதானவர்கள் கூட வருகிறார்கள், செலவு கூடும் என்பார்கள் அமைப்பாளர்கள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் நாள் கூட்டச் சொல்லவில்லையே. கெய்ரோவில் ஒரு இரவைக் குறைத்து இஸ்கந்தரிய்யாவில் ஒரு இரவு தங்க வையுங்கள். ஒரே நாளில் ஆறு மணித்தியாலம் பஸ்ஸில் குந்தியிருப்பதைவிட வயதானவர்களுக்கும் அதுவே சுகம். முற்பணம் கட்ட முன்னர் நீங்களும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் நிகழ்ச்சி நிரல் மாறும்.

வரும் விடுமுறையில் போக இருப்பவர்கள் கொம் அல்-திக்காவின் அந்தக் கல் இருக்கைகளை, பிள்ளைகளை அதில் இருத்தி, தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வகுப்பில் காட்ட வேண்டும்.