"எழுதி வாங்கியாச்சு"

புதுச்சேரியில் பூரணாங்குப்பம், தவளக்குப்பம், பாகூர், வில்லியனூர் என்று எந்த ஊரில் போய், பிரிந்து வாழும் ஒரு கணவன் மனைவியைப் பற்றி விசாரித்தாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் அப்பவே எழுதி வாங்கியாச்சே." எழுதியது யார், எந்த அதிகாரத்தில் என்று யாரும் கேட்பதில்லை. பத்திரம் இருக்கிறது, நோட்டரி சீல் இருக்கிறது, ஊர்ப் பெரியவர்களின் சாட்சிக் கையெழுத்து இருக்கிறது. ஆகவே விவாகரத்து முடிந்தது என்று ஊரே நம்புகிறது. அடுத்த கல்யாணத்துக்கு ஜாதகமும் எடுத்துவிடுகிறார்கள்.

அப்படி எந்த விவாகரத்தும் நடக்கவில்லை. அந்தப் பெண் சட்டப்படி இன்றும் அவன் மனைவிதான்.

அந்தத் தாளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இருவரின் போட்டோவும் ஒட்டியிருக்கும். "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர்மீது ஒருவருக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை, அவரவர் இஷ்டம்போல் மறுமணம் செய்துகொள்ளலாம்" என்று இருக்கும். கூடவே, ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று பெண் எழுதிக் கொடுத்த வரியும் இருக்கும். விவாகரத்தைத் தராத இந்தத் தாள் வேறொரு வேலையைச் செய்யும். பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. நாளைக்கு அவள் கோர்ட்டுக்குப் போனால், "மனமொத்துப் பிரிந்தோம், இதோ அவள் கையெழுத்து" என்று கணவனின் வக்கீல் இதே தாளைத்தான் நீட்டுவார். அவளை அந்தத் திருமணத்திலிருந்து விடுவிக்காத தாள், அவள் சோற்றில் கைவைக்க மட்டும் உதவுகிறது. இதற்கு ஊர்ப் பெரியவர்கள் சாட்சி!

இந்து திருமணச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் புதுச்சேரியில் நடப்பில் இருக்கிறது. அதன்படி திருமணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே. "எங்க சாதியில் அறுத்துக்கட்டுற வழக்கம் உண்டு" என்பார்கள். வழக்காற்றின்படியான மணமுறிவைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு காப்பாற்றுவது உண்மை. ஆனால் வழக்காறு என்று வாயால் சொன்னால் போதாது. அதை வழக்கில் தெளிவாக எடுத்துச் சொல்லி, சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டரிகள் திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுதித் தரக்கூடாது என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் எழுத்துமூலம் எச்சரித்தது. மாதா கோயிலில் வாங்கிய திருமண ரத்தும் இப்படித்தான். திருச்சபைக்குள் அது செல்லும், அரசாங்கத்திடம் செல்லாது.

எங்கள் ஊர்களில் இந்த நம்பிக்கை வேரூன்ற இன்னொரு காரணமும் உண்டு. பிரான்சில் சொந்தம் இல்லாத தெரு இங்கே குறைவு. 2017 முதல் அங்கே சம்மதத்தோடு பிரிபவர்கள் நீதிபதியைப் பார்க்காமலேயே நோட்டரி வழியாக முடித்துக்கொள்ளலாம். "பாரீஸ்ல இருக்கிற சித்தப்பாவே அப்படித்தான் முடிச்சாரு" என்று அதை இங்கே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே கணவனுக்கு ஒரு வக்கீல், மனைவிக்கு ஒரு வக்கீல் கட்டாயம். யோசிக்க 15 நாள் அவகாசம் கொடுத்தாக வேண்டும். நோட்டரி அரசு நியமித்த அதிகாரி. முடிந்த விவாகரத்து திருமணப் பதிவின் ஓரத்தில் ஏறும். கடலூர் சாலையோரம் சீல் குத்தி வாங்கும் காகிதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இந்து திருமணச் சட்டம் ரெனோன்சான் குடும்பங்களுக்கு, அதாவது சொந்த மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் வழி தனி. அதை மற்றவர்கள் இரவல் வாங்க முடியாது.

இதே குழப்பத்தில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய் "விவாகரத்துச் சான்றிதழ்" கேட்டு நிற்பவர்களும் உண்டு. கல்யாணத்தைப் பதிந்த இடம் என்பதால் கேட்கிறார்கள். அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பும், அதை ஒட்டி எழுதப்படும் டிகிரியும்தான் ஆவணம். டிகிரி நகலை இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. தொலைந்துபோனால் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு நீதிமன்ற நகல் பிரிவில் மனுப் போடலாம். மனுக் கொடுத்த நாள், ஸ்டாம்பு கேட்ட நாள், நகல் தயாரான நாள் எல்லாம் குறித்து, முத்திரையோடு வருவதே சான்றிட்ட நகல். ஜெராக்ஸை வைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள். ஜீவனாம்ச வழக்கின் உத்தரவையே விவாகரத்து என்று நினைத்துப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

வழக்கு எண் தெரியாவிட்டால் நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் இணையதளத்தில் தரப்பினர் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். தனக்குத் தெரியாமலே எக்ஸ்பார்ட்டியாக விவாகரத்து ஆகிவிட்டதோ என்று சந்தேகப்படும் பெண் முதலில் செய்ய வேண்டியது இது. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் விவாகரத்தை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்க முடியாது. இந்த வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை. வெளியார் நகல் கேட்டால் காரணம் காட்ட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டும் பயனில்லை, நீதிமன்ற நகலுக்கு நீதிமன்ற விதிதான் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பெண் கொடுப்பவர்கள் விவாகரத்தான மாப்பிள்ளையிடமே சான்றிட்ட நகலைக் கேளுங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டதா என்று தேதியைப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் நகலை ஒருவர் காட்டத் தயங்கினால், கல்யாணப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்பது பஞ்சாயத்தார் சொல்லும் நியாயம். சண்டையிட்டு நடக்கும் வழக்குக்கு அது பொருந்தும். அந்த வேதனையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பத்திரம் எழுதுகிறவர்கள் "மனமொத்து" என்றுதானே எழுதுகிறார்கள்? ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் அதே சம்மதத்தை இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் நீதிமன்றத்தில் மனுவாகப் போடலாம். ஆறு மாதக் காத்திருப்பைக்கூட, தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. காகிதத்தை நம்பி மறுமணம் செய்தவளுக்கு என்ன மிஞ்சும்? அந்தக் கல்யாணம் செல்லாது. இருதார வழக்கில் ஏழு ஆண்டு வரை சிறை. அரசு ஊழியரின் மகள், விவாகரத்தானவள் என்று குடும்ப ஓய்வூதியம் கேட்டால், பெற்றோர் இருக்கும்போதே நீதிமன்றத்தில் வழக்காவது போட்டிருக்க வேண்டும். பஞ்சாயத்துப் பத்திரம் அங்கே எடுபடாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் செய்தால் போதும். தாய்வீட்டுக்கு வந்துவிட்டவள் தான் குடியிருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். அடுத்த முறை பஞ்சாயத்து கூடும்போது முத்திரைத்தாள் வாங்க ஆள் அனுப்பாமல், இருவரையும் சட்ட உதவி மையத்துக்கு அனுப்புங்கள்.